ரேஸ் எஞ்சினுக்கு எந்த எரிபொருள்: யாழ்ப்பாண வெயிலில் ஒக்டேனும் ஜெற்றும்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றரில் கொஞ்சம் பெற்றோலைச் சொட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வந்தது, இழுவை குறைந்தது, ஆனாலும் ஓடியது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவு. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் (பிஸ்ரன் கலவையை எத்தனை மடங்கு சிறிய இடத்துக்குள் அமுக்குகிறது என்பது) 7, 8 என்ற அளவில் நின்றதால்தான் தாக்குப்பிடித்தன. இன்றைய 11க்கு 1 அமுக்கமுள்ள 150 சி.சி. எஞ்சினுக்கு அதே எண்ணெயை ஊற்றித் திறொட்டிலை முறுக்கினால் உடனே இடிக்கத் தொடங்கும்.

எரிபொருள் தெரிவின் அடிப்படை இதுதான். எஞ்சின் எவ்வளவு அமுக்குகிறது, எவ்வளவு சூடாகிறது என்று முதலில் அறியவேண்டும். எரிபொருள் கானில் அச்சிட்ட ஒக்டேன் இலக்கத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து காசையும் பிஸ்ரனையும் இழக்கிறார்கள்.

ஒக்டேன் எதை அளக்கிறது

ஒக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல. பிளக் பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன், சிலிண்டரின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை அமுக்கத்தாலும் சூட்டாலும் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதையே அது காட்டுகிறது. தாங்காவிட்டால் வருவதுதான் நொக்கிங், நாங்கள் 'எஞ்சின் இடிக்குது' என்று சொல்வது. 92இலேயே இடிக்காத எஞ்சினுக்கு 110 ஊற்றினால் வேகம் கூடாது. கூடிய ஒக்டேன் தரும் இடைவெளியை அமுக்கமாகவோ, இக்னிஷன் முற்படுத்தலாகவோ (பிளக் பொறியை முந்தி விடுவது), காற்றை அமுக்கி ஊட்டும் ரேர்போவின் அழுத்தமாகவோ பயன்படுத்தினால் மட்டுமே பலன் கிடைக்கும்.

எங்கள் பெற்றோல் செட்டுகளில் எழுதியிருக்கும் 92, 95 இரண்டும் ஆராய்ச்சி முறையில் அளந்த ஒக்டேன், சுருக்கமாக ஆர்.ஓ.என். இதைவிடக் கடுமையான சூட்டிலும் வேகத்திலும் அளக்கும் மோட்டார் முறை, எம்.ஓ.என்., இன்னொன்று உண்டு. அமெரிக்கப் பம்புகளிலும், அங்கிருந்து வரும் ரேஸ் எரிபொருள் கான்கள் பலவற்றிலும் இவ்விரண்டின் சராசரியையே போடுகிறார்கள். அங்கே 93 என்பது எங்கள் கணக்கில் ஏறத்தாழ 98. அமெரிக்கக் காணொளியில் ஒருவர் '93 போதும்' என்று சொன்னதைக் கேட்டு இங்கே 92 அடித்தால் ஐந்தாறு ஒக்டேன் குறைவாக ஓடுகிறீர்கள். கான் வாங்கும்போது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். இரண்டையும் தனித்தனியே காட்டும் தரவுத் தாளைக் கேளுங்கள். முழுத் திறொட்டிலில் நீண்ட நேரம் ஓடும் எஞ்சினுக்கு எம்.ஓ.என். தான் உண்மையைச் சொல்லும்.

அமுக்க விகிதத்தை அளந்து அறியுங்கள்

சிலிண்டர் ஹெட்டைச் சீவி, பிஸ்ரனை மாற்றி, மெல்லிய காஸ்கற் போட்ட எஞ்சினின் விகிதம் கம்பனிக் கையேட்டில் இருப்பது அல்ல. கொம்பிரஷன் கேஜ் காட்டும் அழுத்தத்தை விகிதம் என்று எடுக்கவும் கூடாது. வால்வுகளைத் திறக்கும் கேம் மாறினால் அந்த அழுத்தமும் மாறிவிடும்.

பிஸ்ரனை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் மூடியிருப்பதை உறுதி செய்யுங்கள். பிளக் துளை நேர் மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து வையுங்கள். பாமசியில் வாங்கும் 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் மெல்லிய ஒயிலைத் துளையின் விளிம்பு வரை விட்டு, எத்தனை சி.சி. இறங்கியது என்று குறியுங்கள். அதிலிருந்து பிளக் துளையின் கொள்ளளவைக் கழிக்கவேண்டும். 10 மி.மீ. பருமனும் 19 மி.மீ. நீளமும் உள்ள பிளக்குக்கு அது சுமார் 1.3 சி.சி. மூன்று தரம் அளந்து சராசரி எடுங்கள். முடிந்ததும் ஒயிலை முழுவதும் உறிஞ்சி எடுக்காமல் கிக்கரில் கால் வைக்காதீர்கள். திரவம் அமுங்காது, பிஸ்ரனைத் தாங்கும் கொன்றொட் வளைந்துவிடும்.

சிலிண்டரின் விட்டம் 57 மி.மீ., பிஸ்ரனின் ஓட்டம் 58.7 மி.மீ. என்றால் பிஸ்ரன் கடக்கும் கொள்ளளவு 149.8 சி.சி. எரியறை 15.8 சி.சி. என்று வந்தால் இரண்டையும் கூட்டி எரியறையால் வகுங்கள்: 165.6 வகுத்தல் 15.8, விடை 10.5. இப்போது ஹெட்டில் அரை மி.மீ. சீவுகிறீர்கள். எரியறையின் வாய் சிலிண்டர் அளவுக்கே அகன்றதாயின் அதில் சுமார் 1.3 சி.சி. குறைந்து, விகிதம் 11.3 ஆகிவிடும். லேத்தில் போன அந்த அரை மி.மீ. உங்கள் எரிபொருளை ஒரு படி மேலே தள்ளிவிட்டது.

தொடக்கக் கணிப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம். 9.5 வரை 92 போதும். 9.5 முதல் 11 வரை 95. 11க்கும் 12.5க்கும் இடையில் நீர்க்குளிர்ச்சியும் நல்ல எரியறையும் ஒழுங்கான இன்ஜெக்ஷனும் இருந்தால் 95இல் ஓட்டிவிடலாம், காற்றுக்குளிர்ச்சி எஞ்சினுக்கு 98 முதல் 100 வேண்டும். 12.5 தாண்டினால் 100 முதல் 105. 13.5க்கு மேலே 110 வகை ரேஸ் பெற்றோல் அல்லது எதனோல், மெதனோல். ரேர்போவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உள்ளே போகும் காற்றின் சூடும் அதைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரின் தரமும் அங்கே விகிதத்தை விடப் பெரிய காரணிகள்.

எரிபொருளுக்குக் காசு செலவழிக்குமுன் எஞ்சினின் சூட்டைக் குறையுங்கள். எரியறையில் படிந்த கரியைச் சுரண்டுங்கள், கூரான விளிம்புகளை மழுப்புங்கள், பிளக்கை ஒரு படி குளிரானதாக மாற்றுங்கள். என்.ஜி.கே.யில் இலக்கம் கூடக் கூடக் குளிர், பொஷ்ஷில் அதற்கு எதிர்மாறு. எயர் கிளீனருக்கு எஞ்சினின் வெப்பக் காற்றை விட்டு வெளிக்காற்றைக் கொடுங்கள். இவ்வளவும் செய்தபின் 95இலேயே இடி நின்றுபோன எஞ்சின்கள் ஏராளம்.

இங்கே கைக்கு எட்டுவது என்ன

செட்டில் கிடைக்கும் 95 தான் பெரும்பாலான போட்டி எஞ்சின்களுக்குச் சரியான விடை. ஒரே செட்டில், விற்பனை கூடிய நேரத்தில் வாங்குங்கள். நாள்கணக்கில் தேங்கிய தாங்கியின் அடிப் பெற்றோல் வேண்டாம். வகுப்பு விதிகளையும் முதலே வாசியுங்கள். பல வகுப்புகளில் செட் எரிபொருள் மட்டுமே அனுமதி, பரிசோதனைக்கு மாதிரியும் எடுப்பார்கள். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பொது எரிபொருள் விதி ஆர்.ஓ.என். 95 முதல் 102 வரையும், எம்.ஓ.என். 85 முதல் 90 வரையுமே ஏற்கிறது.

பலாலியில் விமானம் இறங்குகிறது, அங்கே விமானப் பெற்றோல் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். அங்கே வந்து போகும் ஏ.ரி.ஆர். போன்ற ரேர்போபுறொப் விமானங்கள் ஊற்றுவது ஜெற் ஏ-1. அது மண்ணெண்ணெய் வகை. பிளக் பொறியால் எரிக்கும் எஞ்சினில் ஊற்றினால் தடைக்காலத்துக் கதைதான், அமுக்கம் மட்டும் கூடியிருக்கிறது. பிஸ்ரன் எஞ்சின் விமானங்களின் நீல நிற 100எல்எல் வேறு பொருள். அதில் லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஈயம் ஒட்சிசன் சென்சரையும் கற்றலிற்றிக் கொன்வேற்றரையும் சாகடிக்கும், கையிலும் மூச்சிலும் நஞ்சு. அதன் அடர்த்தியும் பெற்றோலை விடக் குறைவு. 0.75 அடர்த்தியிலிருந்து 0.70க்கு இறங்கினால் காபுரேற்றரில் எரிபொருளை அளந்து விடும் சிறு துளையான அதே ஜெற்றால் போகும் எரிபொருளின் நிறை மூன்று நான்கு வீதம் குறைந்து கலவை மெலியும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது. ஒக்டேன் கூடிய எரிபொருளை ஊற்றியும் பிஸ்ரன் ஓட்டையானால் இந்தக் காரணத்தையும் பாருங்கள்.

ஒக்டேன் பூஸ்ரர் போத்தல்களில் '3 பொயின்ற் கூட்டும்' என்று இருந்தால் ஒரு பொயின்ற் என்பது ஒக்டேனின் பத்தில் ஒன்று. 95 ஆனது 95.3 ஆகும், அவ்வளவே. மங்கனீஸ் சேர்ந்த வகை பிளக்கின் பீங்கானில் செம்மஞ்சள் படிவை விட்டு, பொறியைக் கசியவிடும். நப்தலீன் உருண்டையைத் தாங்கியில் போடுவதை விட்டுவிடுங்கள். பெற்றோல் ஆவியாகும் இடத்தில் அது மீண்டும் பளிங்காகி ஜெற்றை அடைக்கும். பெயின்ற் தின்னரும் வேண்டாம். அது தூய தொலுயீன் அல்ல. அதிலுள்ள அசற்றோன் வகைகள் மிதவை ஊசியின் ரப்பரை ஊதவைக்கும்.

தூய தொலுயீனுக்கு ஆர்.ஓ.என். ஏறத்தாழ 118. 30 லீற்றர் 95உடன் 10 லீற்றர் சேர்த்தால் கணக்கில் 100.75 வரும். நிஜத்தில் கலவை ஒக்டேன் நேர்க்கோட்டில் ஏறாது, ஆகவே 99 என்று எண்ணியே ரியூன் பண்ணுங்கள். அது 110 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும் என்பதால் கால்வாசிக்கு மேல் போனால் குளிர் எஞ்சினில் திறொட்டிலுக்குப் பதில் தாமதமாகும். போதைப்பொருள் தடுப்புக்கான 1988 ஐ.நா. உடன்படிக்கையின் பட்டியலில் தொலுயீனும் இருக்கிறது. உரிய வழியில், பற்றுச்சீட்டோடு மட்டும் வாங்குங்கள்.

எதனோலும் மெதனோலும்

இவற்றின் பலம் ஒக்டேனில் மட்டுமல்ல, குளிர்ச்சியிலும் இருக்கிறது. ஆவியாகும்போது ஒரு கிலோ பெற்றோல் சுமார் 350 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும், மெதனோல் சுமார் 1100. அதுவும் எரிய வேண்டிய அளவே இரு மடங்குக்கு மேல். உள்ளே போகும் காற்று அவ்வளவு குளிர்வதால் பெற்றோலில் இடிக்கும் அமுக்கத்தில் எஞ்சின் அமைதியாக ஓடும். 32 பாகை வெயிலில் இது பெரிய வரம். குளிர் நாடுகளில் எதனோல் எஞ்சின் காலையில் ஸ்ராட் ஆகாது என்று புலம்புவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் கவலை ஈரம்.

அற்ககோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். 10 வீதம் எதனோல் கலந்த பெற்றோலில் அரை வீதம் அளவு தண்ணீர் சேர்ந்தாலே எதனோலும் தண்ணீரும் கூட்டாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஒக்டேனைத் தாங்கிய பகுதி கீழே போய்விட, மேலே மிஞ்சுவது வலுக்குறைந்த பெற்றோல். கடற்காற்றடிக்கும் ஊரில் பாதி நிரம்பிய கானை மூடி தளர்ந்தபடி ஒரு கிழமை வைத்தால் அதை எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

பனங்கள்ளு வடிக்கும் ஊரில் எதனோலுக்குப் பஞ்சமா என்ற கேள்வி எழுவது இயல்பு. கள்ளிலிருந்து வடிசாலையில் வடிப்பது குடிக்கும் சாராயம், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். எவ்வளவு திறமாக வடித்தாலும் சாதாரண வடிப்பில் எதனோல் சுமார் 96 வீதத்தோடு நின்றுவிடும். பெற்றோலுடன் கலக்கத் தேவையானது நீர் நீக்கிய 99.5 வீதம். எதனோல் மதுவரிச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதியில்லாமல் வைத்திருப்பதை எந்தப் போட்டியும் நியாயப்படுத்தாது.

அளவுகளைப் பார்ப்போம். ஒரு கிலோ பெற்றோல் சீராக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எதனோலுக்கு 9, 85 வீத எதனோல் கலவைக்கு 9.8, மெதனோலுக்கு 6.4. கொள்ளளவில் சொன்னால் 85 வீதக் கலவைக்கு 1.4 மடங்கும், மெதனோலுக்கு 2.2 மடங்கும் எரிபொருள் போகவேண்டும். விட்டத்தை இலக்கமாகக் கொண்ட ஜெற்றுக்கு அந்த மடங்கின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 120 ஜெற் 85 வீதக் கலவைக்கு 142 ஆகும், மெதனோலுக்கு 178. மெயின் ஜெற்றோடு நிறுத்தினால் பாதித் திறொட்டிலில் எஞ்சின் மெலிந்து கருகும். பைலற் ஜெற், நீடில் ஜெற், மிதவை ஊசியின் இருக்கை, எரிபொருள் குழாய் எல்லாமே பெருக்கவேண்டும். முழுத் திறொட்டிலில் நாலைந்து செக்கன் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு தளர்ந்தால், மிதவைக் கிண்ணம் வற்றுகிறது என்று அர்த்தம்.

இன்ஜெக்ரருக்கு ஒரு கணக்கு. 250 குதிரைவலு ரேர்போ, நான்கு இன்ஜெக்ரர், 80 வீதம் திறந்திருக்கும் என்று வைத்தால் பெற்றோலுக்கு ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு சுமார் 490 சி.சி. விடவேண்டும். 85 வீதக் கலவைக்கு 690. பம்பும் அதே விகிதத்தில் பெருகாவிட்டால் பெரிய இன்ஜெக்ரரால் பயனில்லை.

இரண்டு ஸ்ரோக் எஞ்சினுக்கு மெதனோல் விடுபவர்கள் ஒயிலையும் மாற்றவேண்டும். கனிய ஒயில் மெதனோலில் கரையாது, பிரிந்து நின்று பெயாரிங்கைப் பிடிக்கவைக்கும். பிசின் நீக்கிய ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலான ரேஸ் ஒயில் கரையும். அதே ஆமணக்கு ஒயில் பெற்றோலில் சரிவரக் கலக்காது என்பதையும் மறக்கவேண்டாம்.

வாங்கியதைச் சோதியுங்கள்

அடர்த்திமானி ஒன்றும் 100 மில்லிலீற்றர் அளவுசாடி ஒன்றும் கராச்சில் இருக்கட்டும். பெற்றோலின் அடர்த்தி 15 பாகையில் 0.72க்கும் 0.775க்கும் இடையில் இருக்கும். எங்கள் பகல் வெயிலில் 0.015 அளவு குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இலக்கத்தை விட, சென்ற முறை வாங்கியதோடு ஒத்துப்போகிறதா என்பதே பெரிது. ஆகவே ஒவ்வொரு கானின் அடர்த்தியையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அடர்த்தி ஏறும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு உலரவிட்டால் நல்ல பெற்றோல் தடமில்லாமல் போகும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விடும்.

எதனோல் இருக்கிறதா என்று பார்க்க, சாடியில் 10 மில்லிலீற்றர் தண்ணீரும் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் விட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் உள்ள படை 10லேயே நின்றால் எதனோல் இல்லை. 19 ஆகியிருந்தால் 9 மில்லிலீற்றர் எதனோல் இறங்கியிருக்கிறது, ஏறத்தாழ 10 வீதம். சோதித்த பெற்றோலைத் திருப்பித் தாங்கிக்குள் ஊற்றக்கூடாது.

எஞ்சினோடு பொருத்துதல்

ரியூனிங்கை ஆகச் சூடான நேரத்தில் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குச் சுத்தமாக இழுத்த எஞ்சின் பகல் ஒரு மணிக்கு இடிக்கும். பொது வீதியில் செய்யவேண்டாம், எஞ்சினின் வலுவை அளக்கும் டைனோவோ மூடிய ஓடுதளமோ வேண்டும்.

முதலில் கலவையைச் செழிப்பாக (எரிபொருள் கூடுதலாக) வைத்து, இக்னிஷனை வழமையை விட நாலு பாகை பின்னுக்கு எடுங்கள். புகைக் காற்றிலிருந்து கலவையை அளக்கும் வைட்பான்ட் மானி இருந்தால் லம்டா அளவில் பாருங்கள், எந்த எரிபொருளுக்கும் அது பொதுவானது: 1 என்றால் சீரான கலவை, குறைந்தால் செழிப்பு. ரேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினுக்கு முழுத் திறொட்டிலில் 0.86 முதல் 0.88, ரேர்போவுக்கு 0.78 முதல் 0.80. கலவை சரியானபின் ஒவ்வொரு பாகையாக முன்னே கொண்டுபோங்கள். இழுவை கூடுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள். இடி கேட்கும் வரை போய்ப் பார்ப்பது முறையல்ல. இழுவை கூடிக்கொண்டே போகையில் இடி முந்தி வந்தால், அப்போதுதான் அடுத்த ஒக்டேன் தேவை.

ஹெல்மெட்டுக்குள் இடி கேட்காது. பிறிட்ஜ் திருத்தும் கடையில் 6 மி.மீ. செப்புக் குழாய் வாங்கி, ஒரு முனையைத் தட்டையாக்கித் துளைத்துச் சிலிண்டர் புளொக்கின் போல்ற்றில் இறுக்குங்கள். மறுமுனையில் ரப்பர் குழாய் போட்டுக் காதடைப்பானுக்குக் கொண்டுபோனால், டைனோவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சிறு கல் தகரத்தில் விழும் ஓசைபோல் இடி தெளிவாகக் கேட்கும். ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி உருப்பெருக்கியால் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் லேசான இடியின் அடையாளம். பளபளக்கும் வெள்ளிப் பொட்டுகள் உருகிய பிஸ்ரனின் அலுமினியம், அதோடு அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள்.

நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றத்துக்குப் போகிறவர்கள் ஜெற் பெட்டியை மறக்கக்கூடாது. யாழ்ப்பாணம் கடல்மட்டம், நுவரெலியா 1,868 மீற்றர். காற்று மெலிவதால், அங்குள்ள குளிரையும் சேர்த்துப் பார்த்தாலும், காபுரேற்றர் கலவை எட்டு ஒன்பது வீதம் செழித்துவிடும். 120 ஜெற்றை 115 ஆக்கினால் நேராகும். அங்கே இடி குறைவு என்பதால் 95 தாராளமாகப் போதும். ஆபத்து திரும்பும் வழியில்: அந்த 115ஐ மாற்றாமல் இங்கே வந்து முழுத் திறொட்டில் கொடுத்தால் மெலிந்த கலவையும் சூடும் சேர்ந்து பிஸ்ரனைத் துளைக்கும்.

கான், நெருப்பு, நஞ்சு

எரிபொருளுக்கு என்றே செய்த உலோகக் கானோ தடித்த பிளாஸ்ரிக் கானோ மட்டும். சோடாப் போத்தல் கூடாது. பத்திலொரு பங்கு இடம் விட்டு நிரப்பி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். கானை வாகனத்துக்குள் வைத்து நிரப்பாதீர்கள், நிலத்தில் வைத்தே நிரப்புங்கள், நிலைமின் பொறி அப்போது தரைக்குப் போய்விடும். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனம், டிக்கிக்குள்ளும் கராச் குழிக்குள்ளும் தேங்கி நிற்கும்.

மெதனோல் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பிற்றில், அதாவது போட்டி வாகனங்களைத் தயார்செய்யும் இடத்தில், ஒருவர் காரணமில்லாமல் துள்ளினால் உடனே தண்ணீரை ஊற்றுங்கள், மெதனோல் தண்ணீரில் கலந்து அணையும். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் கூடாது, தூள் அல்லது நுரை அணைப்பான் வேண்டும். மெதனோல் தோலாலும் உள்ளே போகும். குடித்தால் சுமார் 10 மில்லிலீற்றரே கண்ணைப் பறிக்கும், 30 மில்லிலீற்றர் உயிரை எடுக்கலாம். பார்வைக்கும் மணத்துக்கும் அது சாராயம்போல் இருப்பதால் தமிழில் பெரிதாக 'நஞ்சு' என்று எழுதி, பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டார் என்ற சந்தேகம் வந்தாலே, நன்றாக இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முதல் சில மணித்தியாலங்கள் எதுவும் தெரியாமல் இருக்கும்.

மெதனோலில் ஓடிய எஞ்சினை அன்றிரவு அப்படியே விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். தாங்கியையும் கிண்ணத்தையும் வடித்து, பெற்றோல் விட்டு, பெற்றோலுக்குரிய ஜெற்றைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். எஞ்சின் ஒயிலையும் பாருங்கள், பால்போல் வெளுத்திருந்தால் மாற்றுங்கள். விட்டுவிட்டால் ஒரு கிழமையில் காபுரேற்றருக்குள் வெள்ளைப் பூஞ்சணம் போல அலுமினிய அரிப்பு வரும், அடுத்த ஓட்டத்தில் அந்தத் தூள்தான் மெயின் ஜெற்றை அடைக்கும்.